‘ஒய்’ விசையை அழுத்தும் அதிகாரம்

உலகில் இதுவரை தோன்றிய நிறுவனங்களிலேயே பொறுப்புணர்ச்சியில் முதலிடம் பெறத்தக்கது கடலோரக் கேட்பு நிலையம்தான் என்பதை அதன் எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். நடுக்கடலில் ஆபத்தில் சிக்கிய படகுகள் ரேடியோவில் கூப்பிட்டால் கேட்பது அதன் வேலை. கேட்டதா என்பது வேறு விஷயம். கேட்பதற்கான ஏற்பாடுகளில் அதை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

திங்கட்கிழமை பழைய ரேடியோப் பெட்டி புகைந்து மண்டையைப் போட்டது. மறுநாளே தலைமையகம் விரல் நீளத்தில் ஒரு கருவியை அனுப்பியது. கணினியில் செருகி, அதற்குரிய ரேடியோ மென்பொருளை நிறுவிவிட்டால் போதும். நிலையத்தின் ஒரே ரேடியோ ஆபரேட்டரான ‘ரேடியோ அக்கா’ புதன்கிழமை காலையிலேயே ஹெட்போனைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் தம்பி விடியற்காலையில் கடலுக்குப் போயிருந்தான். மதியத்துக்குமேல் காற்று வலுக்கும் என்று வானிலை அறிக்கை சொன்னது.

கணினியில் ஓடியது லினக்ஸ் இயங்குதளம். அது அலுவலகப் பண்பாடு தெரிந்தது. கேட்காமல் எதையும் செய்யாது. கணினிப் பிரிவுக்காரர் கட்டளையைத் தட்டியதும் பணிவோடு கேட்டது: ‘ரேடியோ மென்பொருளுக்குத் துணைத்தொகுப்பின் புதிய பதிப்பு தேவை. பழைய பதிப்பை நம்பியிருக்கும் வருகைப்பதிவு மென்பொருள் நீக்கப்படும். தொடரலாமா? ஆம் என்றால் ஒய், இல்லை என்றால் என்.’

“ஒய்யைத் தட்டுங்க சார்” என்றார் அக்கா.

“நானா? வருகைப்பதிவுல கை வெச்சது யாருன்னு கேட்டா என் தலைதான் உருளும்.”

விஷயம் இயக்குநரிடம் போயிற்று. அவர் வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையை இரண்டு முறை படித்தார்.

“நம்மளைப் பார்த்து எழுத்துப்பூர்வமா ஒரு கேள்வி கேட்டிருக்கு. வாய்க்கு வந்ததைச் சொல்லிட முடியுமா? கோப்பு போடுங்க.”

போட்டார்கள். கேள்வியைக் கையால் நகலெடுத்து, எண் கொடுத்து, ‘தொகுப்புப் பொருத்தப்பாட்டு உயர்நிலைக் குழு’ ஒன்றையும் அமைத்தார்கள். நிலையத்தில் மொத்தம் பதினொரு பேர். யாரையும் விட்டால் மனத்தாங்கல் வரும் என்பதால் பதினொரு பேருமே குழுவில் இருந்தார்கள்.

“ரெண்டு மென்பொருளும் ஒத்துப்போகலைன்னா தனித்தனியா வெச்சிடலாம் சார். ஆளுக்கொரு இடம், ஆளுக்கொரு தொகுப்பு. பத்து நிமிஷ வேலை” என்றார் கணினிக்காரர்.

“ஒரே கம்ப்யூட்டருக்குள்ள தனிக்குடித்தனமா? இன்னைக்கு மென்பொருள் பிரியும். நாளைக்கு நிர்வாகம் பிரியும்” என்றார் இயக்குநர்.

“அப்போ உங்க ரூம்ல இருக்கிற கம்ப்யூட்டர்ல போட்டுக்கலாமா சார்?” என்று கேட்டார் அக்கா.

“அது வர்றவங்க பார்க்கிறதுக்கும்மா. பயன்படுத்தினா பழசாயிடும்.”

நிர்வாக அலுவலர் தொண்டையைச் செருமினார். “ரேடியோ இல்லாம ரெண்டு நாள் ஓட்டிட்டோம். ஒரு கோப்புகூடத் தேங்கலை. வருகைப்பதிவு இல்லாம அரை நாள் ஓட்ட முடியுமா?”

இந்த வாதத்தையும் கோப்பில் குறித்துக்கொண்டார்கள். ஜன்னல் கதவுகள் படபடவென்று அடித்துக்கொண்டன.

“சார், காத்து ஏறுது. என் தம்பி கடல்ல இருக்கான்.”

“அதனாலதாம்மா நீங்க இதுல கருத்தே சொல்லக் கூடாது. சொந்தபந்தம்னு வந்துட்டா நடுநிலை போயிடும்” என்றார் இயக்குநர்.

அக்கா எழுந்தார். தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு நேரே கணினி அறைக்குப் போனார். கேள்வி இன்னும் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தது. ‘ஒய்’ விசையின் மேல் விரலை வைத்தார். பதினெட்டு வருட வேலையும், வராத பதவி உயர்வும், விளக்கம் கேட்டு வந்த இரண்டு கடிதங்களும் நினைவுக்கு வந்தன. விரலை மடக்கிக்கொண்டு கூட்டத்துக்குத் திரும்பினார். ஊழியர் கட்டுப்பாடு என்றால் இதுவல்லவா!

நான்கு மணிக்குக் குழு ஒருமனதாக முடிவெடுத்தது: ‘ஒய்’யை அழுத்தலாம் என்று ‘கொள்கையளவில்’ கருதுவதாகவும், அழுத்தும் அதிகாரம் யாருக்கு என்று தலைமையகம் தெளிவுபடுத்த வேண்டும் என்றும்.

தீர்மானத்தில் பத்தாவது ஆள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, நெற்றியில் ஒரு கட்டும், தோளில் யாரோ கொடுத்த போர்வையுமாகத் தம்பி உள்ளே வந்தான். படகு போய்விட்டது. அவனும் கூட்டாளிகள் இருவரும் தற்செயலாக அந்தப் பக்கம் வந்த ஒரு சரக்குக் கப்பலின் கண்ணில் பட்டுப் பிழைத்திருந்தார்கள்.

அக்கா ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தார். அவன் அந்தக் கையை விலக்கவும் இல்லை, பற்றவும் இல்லை.

“ஒரு மணி நேரமா ரேடியோவுல தொண்டை கிழியக் கூப்பிட்டேன். ஆபீஸ்ல ஒருத்தருமே இல்லையா?”

இயக்குநருக்கு முகம் சிவந்துவிட்டது. நிலையத்தின் வரலாற்றில் இப்படி ஒரு பழியை யாரும் சுமத்தியதில்லை. கணினி அறைக்குப் போய் வருகைப்பதிவு மென்பொருளைத் திறந்து, அன்றைய அறிக்கையை அச்செடுத்து வந்து நீட்டினார்.

“தம்பி, வாய் இருக்குன்னு பேசக் கூடாது. நல்லாப் பாருங்க. நீங்க கூப்பிட்ட நேரம் முழுக்கப் பதினொரு பேரும் இங்கேதான் இருந்தோம். ஒருத்தர்கூட வாசலைத் தாண்டலை.”

தம்பி ஈர விரலால் பட்டியலைத் தடவிப் பார்த்தான். முதலில் இருந்த அக்கா பெயரிலேயே விரல் நின்றுவிட்டது. ஏழு நிமிடம் முன்னதாகவே வருகை. நாள் முழுதும் பணியில். தாளை நனையாமல் மடித்துக்கொண்டான்.

“இதை நான் எடுத்துட்டுப் போறேன் சார். ‘அந்நேரம் உங்கக்கா எங்கடா போனா?’ன்னு வீட்ல அம்மா கேப்பாங்க.”