கார்டுக்குப் போன டேட்டா

கார்டுக்குப் போன டேட்டா இந்த முறையும் அலங்கோலமாகத் திரும்பி வந்தது. செழியன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு முன்புவரை ஒழுங்காக ஓடிய புரோகிராம். கிராபிக்ஸ் கார்டுக்குள் இருக்கும் மெமரியை பிராசசரால் நேரடியாகத் தொட முடியாது. கம்ப்யூட்டரை உள்ளிருந்து நடத்தும் கெர்னல்தான் நடுவில் நின்று, வேண்டியதை அங்கே அனுப்பி, கேட்கும்போது திரும்ப வாங்கித் தர வேண்டும். வேங்கிக்கால் வீட்டு மாடியறையில் இரண்டு வருஷம் உட்கார்ந்து அவன் எழுதியது அதைத்தான். மதியம் மேனேஜர் புகழேந்திக்கு ஓட்டிக் காட்ட வேண்டும். சொதப்பினால் இதை ஏறக்கட்டிவிட்டு பெங்களூர் ஆபீசுக்கு வரச் சொல்லிவிடுவார். மனைவி வினோதினிக்கு இங்கே பள்ளிக்கூட வேலை. தனியாகத்தான் போக வேண்டும்.

திரும்ப வாங்கும் பகுதியைத் திருத்தினான். இப்போது டேட்டா திரும்பவே இல்லை.

"என்னாச்சுங்க?" என்றாள் வினோதினி.

"அனுப்பினா போவுது. கேட்டா வர மாட்டேங்குது."

"உங்க அக்கா வீட்டுக்கு நான் குடுத்தனுப்பற டிபன் பாக்ஸ் மாதிரி."

அவன் சிரிக்கவில்லை. அனுப்புவதற்கெல்லாம் இந்தப் பக்கம் ஒரு நகல் வைத்தான். இங்கே இடம் நிரம்பி மெஷினே நின்றுபோனது. நகலை நீக்கப்போய், நன்றாக இருந்த வரிகளையும் சேர்த்து நீக்கித் தொலைத்தான். அதன்பின் மெஷின் கண்ணே திறக்கவில்லை.

போனில் புகழேந்தி வந்தார். "என்ன செழியன், பாக்கலாமா?"

"வேணாம் சார். என் டிசைனே தப்பு. தூக்கிப் போட்டுடுங்க."

"நீங்களே சொல்றீங்களா?"

"நானேதான் சார் சொல்றேன்."

"சரி, அதையே மெயில்ல எல்லாருக்கும் போட்டுடுங்க. திங்கக்கெழம கிளம்பி வந்துடுங்க."

மெயில் போட்டான். போட்டுவிட்டு அழுதான். வினோதினி அவன் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

பூஜைக்காகக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த மாமனார் இருசப்பன் மாடியேறி வந்தார். டிராக்டரும் வேர்க்கடலையுமாக வாழ்கிறவர்.

"மெஷினும் உங்ககூட வருதா மாப்ள?"

"ஆமா மாமா. ஆபீஸ்ல திருப்பிக் குடுக்கணும்."

"அப்ப இருங்க, தொடச்சிக் குடுத்துடறேன். டிராக்டர்ல கழட்ட முடிஞ்சதெல்லாம் கழட்டித்தான் நாங்க பூஜை போடுவோம். இதுல, நீங்க கார்டு கார்டுனு சொல்லுவீங்களே, அத மட்டும் கழட்டி, அடியில பல்லு பல்லா மின்னற எடத்துல சந்தனத்த கெட்டியா பூசி, மறுபடி சொருகி வச்சேன். வேற எதுலயும் கை வைக்கல."