மண்ணானந்தாவின் மானியப் பூசை

மாசுபட்ட நிலத்தைச் சுத்தம் செய்ய அரசாங்கம் மானியம் தருகிறது என்று செய்தி வந்ததுதான் தாமதம், லிட்டில் இந்தியாவில் ஒரு சுவாமி முளைத்துவிட்டார். பெயர் மண்ணானந்தா. டன்லப் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டு மாடி. வாசலில் பேனர்: 'மண் தோஷமா? மானியம் கிடைக்கவில்லையா? மேலே வாருங்கள்!' விண்ணப்பம் திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் கிடைக்காதவர்களைத் தேற்ற ஆள் தயார்.

சனம் படிக்கட்டு முழுக்க நின்றது. பிளாஸ்டிக் பையில் மண், சாப்பாட்டு டப்பாவில் மண், பிள்ளையின் தண்ணீர்ப் போத்தலில் மண். சுவா சூ காங் அடுக்குமாடி வீட்டிலிருந்து வந்த ஓர் அம்மா கறிவேப்பிலைத் தொட்டியையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"பன்னண்டாவது மாடியில உங்களுக்கு ஏதுங்க நிலம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"தொட்டியில இருக்கிறதும் மண்ணுதானே? அதுக்குக் குடுக்க மாட்டாங்களா லா?"

நியாயமான கேள்வி. பதில் சொல்லத்தான் எந்த அதிகாரிக்கும் தைரியம் வராது.

அந்த வரிசையில் மருதப்பனும் நின்றான். கிராஞ்சியில் அவனும் மனைவி யாமினியும் செடி நர்சரி வைத்திருந்தார்கள். முன்பு அங்கே லாரிப் பட்டறை இருந்ததாம். எஞ்சின் எண்ணெய் வருடக்கணக்காக மண்ணுக்குள் இறங்கியிருந்தது. செம்பருத்தி வைத்தால் கருகியது. காகிதப்பூ வைத்தால் கருகியது. எதற்கும் அசையாத கள்ளிச்செடிகூட ஒருநாள் சாய்ந்து படுத்துக்கொண்டது. மானியம் வந்தால் மண்ணை மாற்றலாம். வராவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

விண்ணப்பிக்க, ஆய்வகத்தில் மண்ணைச் சோதித்த சான்று வேண்டும். அதற்கென்று எடுத்துவைத்த பணத்தைத்தான் மருதப்பன் சுவாமிக்குத் தர வந்திருந்தான்.

காரணம் உண்டு. இரண்டு நாளைக்கு முன் சுவாமியே கிராஞ்சிக்கு எழுந்தருளினார். டாக்சியில்தான், பறக்கும் சக்தியை அவர் சில்லறை வேலைகளுக்குச் செலவழிப்பதில்லை. நர்சரியின் ஒரு மூலையில் எலுமிச்சம்பழம் நசுக்கி, பால் ஊற்றி, இலவசமாக ஒரு மாதிரிப் பூசை போட்டார். "இந்த மூலை இப்ப அமிர்தம். மிச்ச இடத்துக்கு முழுப் பூசை போடணும். தோஷம் இருந்தா எந்த ஆபீசர் கையெழுத்துப் போடுவான்?" என்றார். போகும்போது இரண்டு ஆர்க்கிட் செடிகளையும் எடுத்துக்கொண்டார். தோஷம் அவற்றில் இறங்கிவிட்டதாம்.

யாமினி சண்டை போட்டுப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. கடைசியில், "சரி, நானும் வரேன்," என்றாள். மருதப்பனுக்கு ஒரே சந்தோஷம். மனைவிக்கும் பக்தி வந்துவிட்டது! அவள் இரண்டு தொட்டிகளில் மண் எடுத்து வந்தாள். ஒன்றில் மட்டும் புதினாக் கொத்து நட்டிருந்தது. அவன் வாங்கிப் பிடிக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டாள்.

"தொடாதீங்க. புதினா சாஞ்சிடும்."

மாடிக்குள் ஒரே சாம்பிராணிப் புகை. எதிரே இருப்பவர் முகமே தெரியவில்லை. வாசனையா தெரியப் போகிறது? நடுவில் சுவாமி. கையில் செம்புச் சங்கிலி, நுனியில் உருத்திராட்சம். மண்ணுக்கு மேல் பிடித்தால் தானே சுற்றும். இடப்பக்கம் சுற்றினால் விஷம், வலப்பக்கம் சுற்றினால் சுத்தம். பக்கத்திலேயே பணம் அனுப்பக் கியூஆர் கோடு. அது எந்தப் பக்கமும் சுற்றாது.

யாமினி தொட்டிகளை வைத்தாள். "சாமி, புதினா இருக்கிறது பூசை போடாத இடத்து மண்ணு. இன்னொண்ணு நீங்க சுத்தம் பண்ணின மூலையில எடுத்தது."

சங்கிலி புதினாவுக்கு மேல் போனது. இடப்பக்கம் சும்மா காத்தாடியாகச் சுழன்றது.

"ஐயோ! ஈயம்! பாதரசம்! ஒரு புழுகூட இதுல வாழாது!" சுவாமி கண்ணை மூடிக்கொண்டார். "தொட்ட கை அழுகிடும்மா!"

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. அடுத்த தொட்டிக்கு மேல் சங்கிலி சாந்தமாக வலப்பக்கம் சுற்றியது. "பார்த்தீங்களா? அமிர்தம்!"

மருதப்பன் உருகிப்போய்க் கைப்பேசியைக் கியூஆர் கோடுக்கு நேரே நீட்டினான்.

யாமினி கைப்பையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்தாள். பாதரசத் தொட்டியில் விட்டு, ஒரு வாய் அள்ளிச் சாப்பிட்டாள்.

மருதப்பன் அலறினான். "யாமினி! துப்பு! துப்பு!"

அவள் நிதானமாக மென்று விழுங்கினாள். "சாக்லேட் கேக்குங்க. நேத்து நானே சுட்டு உதிர்த்து வச்சேன். சாமி, உங்களுக்கு ஒரு வாய்?"

சாமி சங்கிலியை மெல்லச் சுருட்டத் தொடங்கினார்.

"அப்ப அமிர்தத்தைப் பார்ப்போம்." இன்னொரு தொட்டி மண்ணைக் கண்ணாடிக் குவளையில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கினாள். சற்று நேரத்தில் மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தது, வானவில் நிறத்தில், பளபளவென்று. "நீங்க சுத்தம் பண்ணின மண்ணு. குடிங்க."

"சுவாமிக்குத் தியான நேரம்," என்று சுவாமி தம்மைப் பற்றித் தாமே அறிவித்துவிட்டு, பின்பக்கச் சுழல் படிக்கட்டில் இறங்கி ஓடினார். அங்கேயும் வரிசை நின்றது அவர் விதி. வரிசையில் நின்றவர்கள் போலீஸ் வரும்வரை மரியாதையாகப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். வந்த போலீஸ்காரர் சங்கிலியையும் அவரையும் சேர்த்தே ஏற்றிச் சென்றார்.

மருதப்பன் தலைகுனிந்து நின்றான். யாமினி கரண்டியை நீட்டினாள். ஒரு வாய் சாப்பிட்டான்.

"நல்லாருக்கா?"

"இனிப்புக் கொஞ்சம் கம்மி."

"பாதரசம் தூக்கலாயிடுச்சு."

மறுநாளே மண் ஆய்வகத்துக்குப் போனது. எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். சங்கிலி எதையும் சுற்றாமலே. மானியம் கிடைத்தது. இயந்திரம் வந்து கெட்ட மண்ணை வாரிக்கொண்டு போனது. எந்த ஆபீசரும் எலுமிச்சம்பழம் கேட்கவில்லை.

ஆனாலும் அன்று படியிறங்கும்போது ஒருவர் யாமினியிடம் இரகசியமாகக் கேட்டார்: "கேக்குக்குள்ளேயே பாதரசம் இருந்திருக்கலாம் இல்லையா?"

காலுக்குக் கீழே இருப்பதைச் சுத்தம் செய்ய மானியம் கிடைக்கும், அன்பர்களே. கழுத்துக்கு மேலே இருப்பதை அவரவர்தான் கூட்டிப் பெருக்கிக்கொள்ள வேண்டும்.