சுவருக்கு ஒரு பட்டுச் சேலை

திருவேங்கடம் முடிவு செய்துவிட்டார். மச்சினன் இளவரசனின் கல்யாண வரவேற்பில், மணமக்கள் மேடையேறும்போது ஒலிக்கப்போவது அவர் குரல்தான். அதுவும் தென்னூர் வீட்டுப் படுக்கையறையில், சொந்தக் கம்ப்யூட்டரில், தானே பதிவு செய்த பாட்டு! மைக் வந்தது. ஹெட்போன் வந்தது. ரயில்வே பணிமனையின் இரும்புச் சத்தத்தையே அடக்கிய தொண்டை ஏற்கெனவே தயாராக இருந்தது.

மனைவி மட்டுவார்குழலிக்கு அதே கல்யாணத்துக்கு வேண்டியிருந்தது ஒரு புதுப் பட்டு. கேட்டாள்.

"பீரோவைத் திறந்தா சேலை தலையில விழுது. இன்னொண்ணு எதுக்கு?" என்றார்.

அவள் சண்டை போடவில்லை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

"ஏங்க, கம்ப்யூட்டர் திரையில இது என்ன பட்டன்?"

"அதுவா? ரிவெர்ப். அதைப் போட்டா ஆயிரங்கால் மண்டபத்துல நின்னு பாடற மாதிரி எதிரொலிக்கும். கத்துக்குட்டிங்க குரலை மறைக்கப் போட்டுக்குவாங்க. எனக்கு எதுக்கு? நீ தூசி மட்டும் தட்டு."

"சரிங்க" என்றாள் குழலி. தினமும் காலையில் பக்தியோடு தூசி தட்டினாள்.

மறுநாள் பாடிவிட்டுப் போட்டுக் கேட்டார். ஒரு திருவேங்கடம் பாட, பின்னாலேயே நாலு திருவேங்கடங்கள் பாடினார்கள். கோளாறு தன் பக்கம் இருக்கலாம் என்ற எண்ணம் அவர் வீட்டு வாசலை மிதித்ததே இல்லை.

"சுவர்தான் காரணம். துணி மாட்டினா சத்தத்தை உறிஞ்சிடும். பாட்டுப் பதிவு பண்றதைச் சொல்லித் தர்ற வீடியோவுலயே சொல்லியிருக்கான்."

போர்வை ஏறியது. ஜமுக்காளம் ஏறியது. பீரோவிலிருந்த சேலையெல்லாம் ஏறியது. அறை ஜவுளிக்கடை ஆனது. எதிரொலி மட்டும் அசையவில்லை.

"எல்லாம் துவைச்சுத் துவைச்சு நைஞ்ச சேலைங்க. சத்தம் ஊடுருவிப் போயிடுது போல" என்று குழலி வருத்தப்பட்டாள்.

"அப்ப கனமான துணி வேணும்!"

"கனம்னா பட்டுதான். அகல ஜரிகை இருந்தா இன்னும் கனம். ஆனா வேண்டாங்க, வீண் செலவு."

"கலையில கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது குழலி. கிளம்பு!"

என்.எஸ்.பி. ரோட்டுப் பட்டுக் கடையில் அவரே சேலையைக் கையில் தூக்கித் தூக்கிக் கனம் பார்த்தார். கடைக்காரர் இப்படியொரு புருஷனைப் பார்த்ததே இல்லை. "கலர் எதுவா இருந்தா என்ன?" என்றார் திருவேங்கடம். "மயில் கழுத்து நிறம் சத்தத்தை நல்லா வாங்கும்னு தோணுதுங்க" என்றாள் குழலி. வாங்கினார்.

அன்று மாலை பட்டு சுவரேறியது. பாடினார். எதிரொலி சுத்தமாகப் போயிற்று! தேன்போல் வந்தது குரல். "பார்த்தியா? இதுதான் சயின்ஸ்!" என்று தொடையைத் தட்டிக்கொண்டார். நாலு நாளில் ஒரே ஒரு வரி தவிர முழுப் பாட்டும் முடிந்தது.

கல்யாணத்தன்று காலை, கடைசி வரியைப் பாட மைக்கின் முன் உட்கார்ந்தவர் திடுக்கிட்டார். சுவர் மொட்டையாக இருந்தது. மயில் கழுத்துப் பட்டு, ஸ்ரீரங்கத்து மண்டபத்துக்குப் புறப்படத் தயாராக, கண்ணாடி முன் நின்று தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தது.

"ஐயோ, அதை ஏன் எடுத்தே? எதிரொலி வந்துடுமே!"

"வராதுங்க" என்றாள் குழலி, கொசுவத்தை நீவிவிட்டபடி. "பட்டு வாங்கின அன்னிக்கே அந்தப் பட்டனை நான் அணைச்சுட்டேன்."