உரச் சாக்கில் கற்ற இங்கிலீஷ்

அன்றைக்கு வேலை ஒன்றுதான். மிக்சர் பாக்கெட்டில் இங்கிலீஷில் பெயர் எழுத வேண்டும்.

வறுத்தது என் சம்சாரம். விற்கச் சம்மதித்தது சிம்பாங் அம்பாட் டவுன் மளிகைக்கடை காசிம் பாய்.

"தீவாளிக்கு நாப்பது பாக்கெட் வைங்கண்ணே. ஓடுச்சுன்னா மாசாமாசம் எடுத்துக்கிறேன். ஆனா இங்கிலீஷ்ல லேபிள் வேணும்லா. எல்லா சனமும் வர்ற கடை."

எங்கள் எஸ்டேட்டில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவர் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஒருவர்தான். என் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் தண்ணி என்று சொன்ன மனிதர். இருபத்திரண்டு வருஷமாகப் பேச்சில்லை.

"போய் ஒரு வார்த்தை கேட்டா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?" என்றாள் சம்சாரம்.

"எனக்குத் தெரியாத இங்கிலீஷா!"

மூன்றாம் வகுப்பு வரை படித்தவன் நான்.

யோசித்தேன். மிக்சர் தமிழ். பல சாமான் சேர்ந்த கலவைக்கு இங்கிலீஷில் என்ன? காம்பவுண்ட்! மரத்துக்குப் போடும் உரக் கலவைக்கு அதுதானே பெயர்! பதினைந்து வருஷம் முதுகில் சுமந்த வார்த்தை. தப்பாகுமா?

கோழிக்கூண்டை மூடியிருந்த உரச் சாக்கை உருவி, எழுத்தெழுத்தாகப் பார்த்து வரைந்தேன். அடியில் சிவப்பில் ஒரு வரி இருந்தது. சிவப்பென்றால் முக்கியமாகத்தான் இருக்கும்! அதையும் விடவில்லை. நாற்பது பாக்கெட்டிலும்!

மூன்றாம் நாள் பாய் கூப்பிட்டனுப்பினார். நாற்பதும் அலமாரியில் அப்படியே இருந்தன.

"அண்ணே, ஒரு டீச்சரம்மா படிச்சிட்டு, இது எந்தச் செடிக்குன்னு கேட்டாங்க."

"கலவைதானே பாய்?"

"உரத்துக்குச் சொல்ற கலவைண்ணே! அதாவது போகட்டும். கீழ சிவப்புல என்ன எழுதியிருக்கீங்க தெரியுமா? பிள்ளைங்க கைக்கு எட்டாம வைக்கச் சொல்லியிருக்கீங்க! நாளைக்குள்ள மாத்துங்க. இல்லேன்னா அந்த இடத்துல முறுக்கு வச்சிடுவேன்."

வேறு வழி? சாயங்காலம் நாற்பது பாக்கெட்டையும் தூக்கிக்கொண்டு கிராணி வீட்டு வாசலில் நின்றேன்.

லேபிளைப் படித்தார். சிரிக்கவில்லை. அதுதான் எனக்குக் கோபம்.

"மிக்சர்னே போட்டிருக்கலாமே. அதுவே இங்கிலீஷ்தான்யா."

"எப்பலேருந்து?" என்றேன்.

பேனாவை எடுத்து நாற்பது லேபிளும் அழகாக எழுதினார். ஒரு பாக்கெட்டைப் பிரித்து வாயில் போட்டார்.

"நல்லா இருக்கு."

மனசு கொஞ்சம் இளகியது.

"அந்தப் பாயசத்துக்கு எவ்வளவோ தேவலாம்."

தீபாவளிக்கு முதல் நாளே எல்லாம் தீர்ந்துவிட்டது. இப்போது மாதா மாதம் லேபிள் எழுத அவர் வீட்டுக்குத்தான் போகிறேன்.

பேச்சு மட்டும் இல்லை.