டாக்டர் கையை நீட்டினார், நான் குதித்தேன்

காது சரியாகக் கேட்காதவனுக்குத் தலை தாராளமாக ஆடும். "என்ன?" என்று ஒரு முறை கேட்கலாம், இன்னொரு முறையும் கேட்கலாம். அதற்கு மேல் கேட்டால் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சலிப்பு வரும் பாருங்கள், அதைப் பார்ப்பதைவிடச் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிடுவது மேல். எழுபதுகளில் செங்கல்பட்டில் என்னைவிடப் பணிவான பையன் இல்லை என்று பெயர் வாங்கியிருந்தேன். (பணிவும் இல்லை, மண்ணும் இல்லை. காது மந்தம்.)

அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, பஜாரில் கயிறும் வலையும் விற்கிற கடை. நைலான் வலை புதிதாக வந்து நன்றாக ஓடிக்கொண்டிருந்த நேரம். மாமல்லபுரத்தைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களுக்குப் போய் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வருவது என் வேலை. முதல் பஸ்ஸில் போய்விடுவேன். கேட்க வேண்டியதை அரை மணி நேரத்தில் கேட்டு முடித்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் கடலில் கிடப்பேன்.

அங்கே ஏழுமலை என்று என் வயதுக்காரன் ஒருவன். கட்டுமரத்திலிருந்து கழன்ற பழைய கட்டை ஒன்றைச் செதுக்கி வழவழப்பாக்கி வைத்திருந்தான். அதன் மேல் குப்புறப் படுத்துக் காத்திருந்து, அலை தூக்கும்போது எழுந்து நின்று கரை வரைக்கும் வழுக்கிக்கொண்டு வருவோம். ஒருவன் கட்டையில் இருந்தால் மற்றவன் கொஞ்சம் தள்ளி நீந்திக்கொண்டு அலையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த இரைச்சலில் வாயால் சொல்லி என்ன பயன்? எல்லாம் கைஜாடைதான். உள்ளங்கையைக் காட்டினால் பொறு என்று அர்த்தம். கையைக் கீழே வெட்டினால் கிளம்பு. உள்ளங்கை மேலே பார்க்கக் கையைச் சட்டென்று நீட்டினால், கட்டையை விட்டுவிட்டுக் குதி. இந்தக் கடைசி ஜாடைக்கு யோசிக்கவே கூடாது. யோசித்தால் கட்டை மண்டையில் இறங்கும்.

ஆட்டம் முடிந்ததும் ஈரத் தலையோடு திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு ஊர் திரும்புவேன். உள்ளே இடமிருந்தாலும் தொங்குவேன். (அந்த வயதில் உட்கார்ந்து வருவது கிழவர்களின் வேலை.) மார்கழிக் காற்று இரண்டு காதிலும் புகுந்து விளையாடும். வருஷக்கணக்காக இப்படியே போனது.

அப்புறம் காது அடைக்க ஆரம்பித்தது. கடலில் இறங்கிவிட்டு வந்தால் உள்ளே போன தண்ணீர் நாலைந்து நாள் வெளியே வராது. வீட்டில் ஒவ்வொரு சொல்லையும் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கத்திக் கத்தி அத்தாவுக்குத் தொண்டை கட்டி, கடைக்கு வருகிறவர்களிடம் கரகரவென்று பேசினார். வேடிக்கை என்னவென்றால், குப்பத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அலைச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவர்கள் அவர்கள். உப்பு கேட்பதென்றாலும் கூவித்தான் கேட்பார்கள். செங்கல்பட்டில் மட்டும்தான் நான் செவிடு.

ரயிலடிக்குப் பின்னால் ஒரு சின்ன நர்சிங் ஹோம். சனிக்கிழமைகளில் மெட்ராஸிலிருந்து காது டாக்டர் ஒருவர் ரயிலில் வருவார். அத்தா என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனார். நெற்றியில் கண்ணாடி கட்டிய டாக்டர் என் காதுக்குள் பார்த்தார். விட்டுவிட்டு மறுபடி பார்த்தார். புதையல் கிடைத்தவர் மாதிரி நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"காதுக்குள்ள எலும்பு வளர்ந்து வழியை அடைச்சிருக்கு. வெளிநாட்டுல ஜில்லுனு இருக்கற கடல்ல அலைச்சறுக்கு ஆடறவங்களுக்கு வர்றது இது. இந்த ஊர்ல எப்படிப்பா சம்பாதிச்சே?" என்று என் காதருகே கத்தினார். பஸ் படிக்கட்டைப் பற்றிச் சொன்னேன். அத்தா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

டாக்டர் விளக்கினார். சின்ன உளியால் அந்த எலும்பைச் செதுக்கி எடுக்க வேண்டும். பக்கத்திலேயே முகத்துக்குப் போகிற நரம்பு இருக்கிறது, அதில் பட்டால் வாய் கோணிக்கொள்ளும், படாமல் பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு. செய்த பிறகு ஆறு மாதம் கடலில் தலை நனையக் கூடாது. அதற்கப்புறமும் பழையபடி ஆடினால் பழையபடி வளரும். விட்டுவைத்தால் வழி முழுக்க மூடிக்கொள்ளலாம்.

ஆக, காது வேண்டுமா, கடல் வேண்டுமா என்று நான் முடிவு செய்ய வேண்டும். என் வாழ்க்கையில் அதற்கு முன் நான் எடுத்திருந்த பெரிய முடிவு, மீசை வைப்பதா எடுப்பதா என்பதுதான். (அதையும் நாவிதர்தான் எடுத்தார்.)

"பண்ணிக்கடா. கடைக்காரனுக்குக் காது இல்லன்னா எப்புட்றா வியாபாரம் பண்ணுவே?" என்றார் அத்தா.

"உளி வச்சுக் கொத்தறதுக்கு என் புள்ள இன்னா அம்மிக்கல்லா?" என்றார் அம்மா.

ஏழுமலையைக் கேட்டேன். "எங்க நைனாவுக்கும் காது அவுட்டுதான் பாய். கடல்ல எவன் பேசறான்? மீனா பேசப் போவுது? வுட்டுத் தள்ளு" என்றான்.

எனக்கு மூன்று பேர் சொன்னதும் சரியாகப் பட்டது. உண்மையைச் சொன்னால் இரண்டு பயம்: கடல் போய்விடுமே என்று ஒன்று, கோணல் வாயோடு யாருக்கு மாப்பிள்ளையாவது என்று இன்னொன்று. கடைசியில் அத்தாவின் கரகரத்த தொண்டையைப் பார்க்கப் பொறுக்காமல் சரி என்றேன்.

சனிக்கிழமை வந்தது. பச்சைக் கவுன் மாட்டி, மேஜையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, காதைச் சுற்றி ஊசி போட்டு மரக்க வைத்தார்கள். மேல் பக்கத்துக் காதில் மருந்துப் பஞ்சு, மற்றது தலையணையில் புதைந்திருந்தது. உலகம் சுத்தமாக அடங்கிப் போயிற்று. டாக்டரின் வாய் முகமூடிக்குள். எனக்குத் தெரிந்ததெல்லாம் என் முகத்துக்கு எதிரே இருந்த அவருடைய வலது கை மட்டும்தான். அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

முதலில் அவர் உள்ளங்கையைக் காட்டினார். நர்ஸைக் கொஞ்சம் நிற்கச் சொல்லியிருப்பார். நான் உடம்பை இறுக்கிக்கொண்டு பொறுத்தேன். பிறகு, உளியை வாங்குவதற்காக, உள்ளங்கை மேலே பார்க்கக் கையைச் சட்டென்று நீட்டினார்.

நான் குதித்தேன்.

இந்த ஜாடைக்கு யோசிக்கவே கூடாது என்று முன்பே சொன்னேன் அல்லவா? மேஜையிலிருந்து பக்கவாட்டில் பாய்ந்து, தலையைக் கைகளால் மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி ஆயுதத் தட்டின் மேல் விழுந்தேன். அந்தச் சத்தம் ரயிலடி வரை கேட்டதாம். எனக்குக் கேட்கவில்லை. டாக்டர் என்னைத் தூக்கி நிறுத்தி, ஊசி குத்தின இடத்தில் பிளாஸ்திரி ஒட்டி, காதில் வேறு பஞ்சு வைத்து, "போய்ட்டு மனசு தெளிவானதும் வாப்பா. ஆடற ஆளுக்கு நான் உளி வைக்க முடியாது" என்று கத்திவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

வெளியே பெஞ்சில் இருந்த அத்தா என்னைப் பார்த்ததும் எழுந்தார். பஞ்சு தெரிந்தது, பிளாஸ்திரி தெரிந்தது. அவருடைய உதடு அசைந்தது. ஏதோ கேட்கிறார் என்று புரிந்து, வழக்கம்போலத் தலையாட்டினேன். அவர் கண் கலங்கிவிட்டது. மகன் ஓடிவந்த வெட்கத்தில் கலங்குகிறார் என்று நினைத்து நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

அவர் கேட்டது, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதாப்பா?" என்பது. இது எனக்குத் தெரிய மூன்று வாரமாயிற்று.

அந்த மூன்று வாரம் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. வீட்டுக்கு வந்தால் யார் பேசுவதும் கேட்கவில்லை. முன்பு கத்தலாவது கேட்கும், இப்போது அதுவும் இல்லை. அம்மாவின் வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. பாத்திரம் வைக்கிற ஓசை நின்றுபோயிற்று. ரேடியோ செத்துப் போயிற்று. கடையில் வாடிக்கைக்காரர்கள்கூட உதட்டை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்கள். குதித்த குதியில் காதில் இருந்த கொஞ்சநஞ்சமும் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். இரவில் போர்வைக்குள் தீப்பெட்டியை ஆட்டிப் பார்ப்பேன். அது மட்டும் கேட்டது. மனுஷக் குரல் மட்டும் கேட்காத விசித்திர வியாதி வந்துவிட்டது என்று அழுகையே வந்தது.

(நடந்தது என்னவென்றால், "புதுக் காது, ஒருத்தரும் கத்தாதீங்க, அதிர்ச்சி ஆவாது" என்று அத்தா வீட்டுக்கும் பஜாருக்கும் உத்தரவு போட்டிருந்தார்.)

குப்பத்துக்குப் போனேன். அங்கே ஏழுமலை, "இன்னா பாய், மூஞ்சி தொங்கிகினு கீது?" என்று கூவினான். தெளிவாகக் கேட்டது. அவன் அம்மா மீன்காரியோடு சண்டை போட்டது ஒரு சொல் விடாமல் கேட்டது. எனக்கு உடம்பே சிலிர்த்தது. கடல் காற்றுதான் மருந்து என்று கண்டுபிடித்துவிட்டேன். இனி ஆபரேஷன் என்ற பேச்சே கிடையாது, மூச்சு முட்டக் கடலிலேயே கிடப்பது என்று அங்கேயே முடிவெடுத்தேன். வாழ்க்கையில் நான் சொந்தமாக எடுத்த முதல் முடிவு அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடலாடிவிட்டு உப்புத் தலையோடு வீட்டுக்குள் நுழைந்தால், கூடம் நிறைய ஆட்கள். சர்பத் தம்ளர்கள், தட்டு நிறையப் பழம். அத்தா என் ஈரத் தலையைப் பார்த்துத் திடுக்கிட்டார். அதற்குள் நடுவில் இருந்த தாட்டியான மனிதர் என்னைப் பார்த்து, "வாங்க மாப்புள்ளே" என்றார்.

கணீரென்று கேட்டது. என் வீட்டுக்குள், மூன்று வாரத்துக்குப் பிறகு, ஒரு மனுஷக் குரல். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெண் கிடைத்த ஆனந்தம் என்று எல்லோரும் நெகிழ்ந்தார்கள்.

அவர் படாளத்தில் நெல் மில் வைத்திருப்பவர். பத்து நாள் முன்பு சாப்பாட்டில் அத்தா மெல்லிய குரலில், "படாளத்துல ஒரு பொண்ணு இருக்கு, பேசட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். நான் குழம்புக்குத் தலையாட்டினேன்.

"கொஞ்சம் மெல்லப் பேசுங்க. புள்ளைக்குக் காது ஆபரேஷன் பண்ணி மூணு வாரம்தான் ஆவுது" என்று அத்தா அவரிடம் சாடை காட்டிச் சொல்ல, அவரோ தன்னால் முடிந்த அளவு அடக்கி, "அப்டியா, ஆபரேசன் நல்லபடியா ஆச்சா மாப்புள்ளே?" என்றார். அடக்கியும் ஜன்னல் அதிர்ந்தது.

"ஆபரேஷனா? அதான் நடக்கலியே. நான்தான் குதிச்சு ஓடியாந்துட்டேனே" என்றேன். செவிடர்கள் பேசும் அளவில், அதாவது தெருமுனை வரைக்கும்.

அத்தாவின் முகத்தைப் பார்த்தேன். மூன்று வாரமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் மகனுக்குக் காது வந்துவிட்டது என்று சொல்லி மகிழ்ந்த முகம் அது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போல வெட்கமாக இருந்தது. கல்யாணம் போனாலும் பரவாயில்லை, அந்த முகத்துக்கு என்ன பதில் சொல்வது?

மில்காரர் தாடியைத் தடவிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாப்புள்ளே, நான் பேசறது உங்களுக்குக் கேக்குதா?"

"நல்லா கேக்குது மாமா."

"மில்லு சத்தத்துல பொழங்கறவங்க நாங்க. எங்க வூட்ல எல்லாருக்கும் இதே தொண்டைதான். எம் பொண்ணுக்கும். பாக்க வந்தவங்க அத்தினி பேரும் பொண்ணு கத்திப் பேசுதுன்னு எழுந்து போய்ட்டாங்க." அவர் அத்தா பக்கம் திரும்பினார். "எங்களுக்கு இந்தக் காது போதும் பாய்."

அத்தா பதில் சொல்ல வாயெடுத்தார், தொண்டை அடைத்துக்கொண்டது. இந்த முறை கத்தியதால் அல்ல.

கல்யாணம் நடந்தது. என் மனைவி ஜைத்தூன் பேசியதில் ஒரு சொல்கூட எனக்குத் தப்பவில்லை. (சில நாட்களில் தப்பியிருக்கலாம் என்று தோன்றும்.) வாஸ்லின் தடவிய பஞ்சைக் காதில் அடைத்துத்தான் கடலுக்கு அனுப்புவாள். ஆனாலும் இரண்டு வருஷத்தில் மற்றவர்கள் பேச்சு இன்னும் மங்கியது. அத்தாவுக்காக மறுபடி அதே டாக்டரிடம் போனோம். அவர் என்னை மறக்கவில்லை. முதல் வேலையாகக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இந்தத் தடவை மயக்க மருந்து கொடுத்தே செஞ்சுடலாம். நல்லா கேக்கும்" என்று என் காதருகே உரக்கச் சொல்லிவிட்டு, ஜைத்தூனைப் பார்த்து ஏதோ கேட்டார். அவள் குனிந்துகொண்டு பதில் சொன்னாள். கல்யாணமானதிலிருந்து அவள் மெல்லப் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கேட்கவில்லை. டாக்டர் எழுந்து எங்களை வழியனுப்பிவிட்டார்.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எனக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தாள். மாமனார் வீட்டுக்குப் போவதற்காகப் படாளம் பஸ் பக்கத்தில் நின்றபோது, "டாக்டர்கிட்ட இன்னா சொன்னே?" என்று கேட்டேன். தலையைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி கேட்டேன். அப்போதுதான் அவளுக்குப் பொறுமை போயிற்று.

"காது நல்லா ஆயிட்டா எங் கொரலு உங்களுக்கும் காட்டுக் கத்தலாத்தான் இருக்கும். ஊரே மூஞ்ச சுளிக்குது, நீங்களும் சுளிச்சா நான் எங்க போவேன்? அதான் வேணாம்னு சொன்னேன்" என்றாள்.

பஸ் ஸ்டாண்டு மொத்தமும் திரும்பியது. வெள்ளரிப்பிஞ்சு விற்ற அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார். விசிலை வாயில் வைத்த கண்டக்டர் ஊத மறந்து நின்றார். பதில் சொல்லத்தானே வேண்டும்? நானும் என் அளவில்தான் சொன்னேன். "எனக்கு உன் கொரலு ஒண்ணு கேட்டா போதும். ஆபரேஷன் வேணாம்."

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாத்த, அதான் முடிவாயிடுச்சே. ஏறுங்க, வண்டிய எடுக்கணும்."

இன்று வரை ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை. பேரன் பேத்திகளுக்குக்கூட இந்தக் கதை தெரியும். நான் சொன்னதில்லை, அந்த பஸ்ஸில் வந்தவர்களின் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். என் பெண்கள் எங்களை வெளியூருக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் ஒரே ஒரு நிபந்தனை போடுவார்கள்: சண்டை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், பஸ் ஸ்டாண்டில் மட்டும் இருவரும் பிரியமாகப் பேசிக்கொள்ளக் கூடாது.