பேசாத பிள்ளைகளின் வாய்மொழிச் சம்மதம்

பள்ளி உளவியலில் முனைவர் பட்டம் பெற விரும்புவோர் பாடத் தாள்களில் தேற வேண்டும், ஒரு வருடம் ஏதாவது பள்ளியில் பயிற்சி எடுக்க வேண்டும், ஆய்வேடு எழுதி வாய்மொழித் தேர்வில் கரையேற வேண்டும். பிள்ளைகளைப் பிடித்திருக்க வேண்டும் என்று விதிமுறையில் எங்கும் இல்லை. நம் ஆய்வு மாணவிக்கோ பிள்ளைகள் என்றால் உயிர். வினையே அதுதான்.

பயிற்சிக்குப் போன பள்ளியில், மூன்றாம் வகுப்புக் கடைசி பெஞ்சில் ஒரு சிறுமி. வீட்டில் வாயாடி, பள்ளி வாசலை மிதித்தால் வாய்க்குப் பூட்டு. இடைவேளைகளில் மாணவி அவள் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைவாள். மெல்ல மெல்ல, தன் கலர் பென்சிலை நீட்டும் அளவுக்குச் சிறுமி நெருங்கினாள். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பேச வைப்பதே தன் ஆய்வு என்று முடிவு செய்த மாணவி, அனுமதி கேட்டு நெறிமுறைக் குழுவின் முன் நின்றாள்.

குழுத் தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஒவ்வொரு பிள்ளையும் வாய்மொழியா சம்மதம் சொல்லணும்."

"சார், அதுங்க பேசாத பிள்ளைங்க."

"சரின்னு ஒரு வார்த்தை போதும்மா."

"சொல்லிட்டா பேசுற பிள்ளை ஆயிடுமே?"

"அப்ப ஆய்வுல சேர்க்க முடியாது. தகுதி இல்லாத பிள்ளையை எப்படிச் சேர்ப்பீங்க?"

"தலையாட்டினா?"

"மேலும் கீழுமா, பக்கவாட்டுலயான்னு துணைக்குழு பார்த்துக்கிட்டிருக்கு."

வெளியே வந்ததும் அவளுடைய ஆய்வு நெறியாளரான அம்மையார் தேற்றினார்.

"எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறே? நல்லாப் பேசுற பிள்ளைங்ககிட்ட சம்மதம் வாங்கு. வாங்கினதும் பேசாம இருக்கச் சொல்லு. அப்புறம் பேச வை."

"அது பொய் இல்லையா மேடம்?"

"ஆய்வு வடிவமைப்பு."

வீட்டில் மாமியார், படிப்பு எப்போது முடியும் என்று கேட்பதை விட்டுவிட்டு வெறும் பெருமூச்சு விடத் தொடங்கியிருந்த காலம் அது. மாணவி ஒப்புக்கொண்டாள். அதே மூன்றாம் வகுப்பின் வாயாடிகளைப் பொறுக்கியெடுத்துச் சம்மதம் வாங்கினாள். அன்றன்று வாய் திறக்காத ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு நட்சத்திரம் ஒட்டினாள். மாதக் கடைசியில் வகுப்பில் மின்விசிறி மட்டும் பேசியது.

இனிப் பேச வைக்க வேண்டியதுதான் என்று கிளம்பியவளைத் தலைமையாசிரியர் மறித்தார்.

"தாயே, இதோட நிறுத்திக்குவோம். பிரம்பால ஆகாத காரியத்தை நீங்க சாதிச்சிருக்கீங்க!"

பெற்றோர்கள் கூட்டமாக வந்து, வீட்டுக்கும் நட்சத்திரம் கிடைக்குமா என்று கேட்டார்கள். ஆய்வேட்டின் தலைப்பு 'வகுப்பறை அமைதி: ஓர் உளவியல் வெற்றி' என்று திருத்தியமைக்கப்பட்டது.

வாய்மொழித் தேர்வன்று வெளித்தேர்வாளர் அந்த வகுப்பையே நேரில் பார்க்க வந்தார். பெற்றோர்கள் வராந்தாவில் நின்றார்கள். உள்ளே ஈ பறந்தால் கேட்கும்.

கடைசி பெஞ்சுச் சிறுமி மாணவியின் முந்தானையை இழுத்தாள். அந்தக் கட்டடத்தில் முதன்முறையாக அவள் வாய் திறந்தது.

"அக்கா, எல்லாரும் ஏன் என்னை மாதிரி ஆயிட்டாங்க? எனக்குப் பயமா இருக்கு."

இந்தக் குரலுக்காகத்தான் மாணவி ஏங்கிக் கிடந்தாள். நெஞ்சு துள்ளியது. அள்ளிக்கொள்ளக் குனிந்தாள். தேர்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"உஷ்!" என்றாள் மாணவி.

சிறுமி வாயை மூடிக்கொண்டாள். தேர்வாளர் திருப்தியோடு கையெழுத்துப் போட்டார். பட்டம் உறுதியானது. வராந்தாவில் நின்ற அத்தனை பெற்றோரும், அந்தச் சிறுமியின் அம்மா உட்பட, சத்தம் வராமல் கைதட்டினார்கள்.