கல்யாண வீட்டு ஜெனரேட்டரில் ஒரு கம்பைலர்

கல்யாண வீட்டில் பத்து வேலை உள்ளவன் எப்படியாவது சமாளித்துவிடுவான். ஒரேயொரு வேலை உள்ளவனைத்தான் நம்பக்கூடாது. அக்காவின் கல்யாணத்தில் எனக்கிருந்தது அந்த ஒரேயொரு வேலை. மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் அவருடைய காலைக் கழுவிவிட வேண்டும். பெண்ணின் தம்பி செய்கிற சடங்கு அது. கழுவினால் மோதிரமும் போடுவார்கள்.

அது போர் நின்றிருந்த சமாதான காலம். நான் கிளிநொச்சியில் கணினி படிப்பித்துக்கொண்டிருந்தேன். (மாணவர்களைவிட ஒரு பாடம் முன்னால் படித்திருந்தேன், அவ்வளவுதான்.) இணையத்தில் கிடைத்த ஓர் இலவசக் கருவிமேல் எனக்குப் பெரும் காதல். நம் கணினியிலிருந்தே வேறு வகைச் சின்னக் கணினிகளுக்கு நிரல் ஆக்கித்தரும் கம்பைலரைக் கட்டுகிற கருவி அது. அதற்குத் தேவையான பாகங்களில் எந்தப் பதிப்போடு எந்தப் பதிப்பு ஒத்துப்போகும் என்று கண்டுபிடிப்பது சாதகப் பொருத்தம் பார்ப்பதைவிடக் கரைச்சல். அதனால் பொருந்திவந்த சேர்க்கைகளை மாதிரி அமைப்புகள் என்று கருவியோடேயே சேர்த்து வைப்பார்கள். அதில் ஒன்று என்னுடையது. பக்கத்தில் என் பெயரும் இருந்தது. என் பெயர் ஊர் எல்லையைத் தாண்டிய ஒரே இடம் அதுதான்.

ஒவ்வொரு புது வெளியீட்டுக்கும் முன்னால் மாதிரியை அடியிலிருந்து கட்டிப்பார்த்து, சரிவருகிறது என்று கருவியைப் பராமரிப்பவருக்கு எழுத வேண்டும். எழுதாவிட்டால் மாதிரியைத் தூக்கிவிடுவார்கள், பெயரும் போய்விடும். என் கிழட்டுக் கணினிக்கு அரை நாளுக்கு மேல் பிடிக்கும். உருத்திரபுரத்தில் எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை. வகுப்பு ஜெனரேட்டரோ வகுப்போடு நின்றுவிடும். இடையில் நின்றால் மறுபடியும் முதலிலிருந்து. கெடுவோ கல்யாணத்துக்கு அடுத்த நாள்.

கல்யாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் பந்தலுக்கு வந்த வாடகை ஜெனரேட்டர், பெண்ணை அனுப்பும்வரை நிற்காது என்றார்கள். கடவுள் எனக்கென்றே அனுப்பியதாக நினைத்தேன். முற்றத்துக்குக் குறுக்கே வயர் இழுத்து அறைக்குள் கணினியை ஓடவிட்டேன். (கேட்டால் அக்காவுக்கு ஃபான் என்று சொல்ல இருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை.)

காலையில் பட்டு வேட்டியோடு திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். வரிகள் மேலே மேலே ஓடிக்கொண்டிருந்தன. வெளியே மேளம், உள்ளே கணினியின் இரைச்சல், ஜன்னலால் வாய்க்கால் ஈரத்தோடு வந்த காற்று. பனி கொட்டும் ஏதோ ஊரில் ஒருவர் என் மாதிரியை எடுத்து, என் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். கண்ணை மூடியிருந்தேனா திறந்திருந்தேனா, தெரியாது. கடைசிக் கட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

"டேய், மாப்பிள்ளை வாசல்ல நிக்கிறார்! அங்க முகூர்த்தம் போகுது, உனக்கு இஞ்ச என்னடா வேகுது?" அம்மா கதவில் அடித்தார்.

"இந்தா வாறன் அம்மா, கொஞ்சம்தான்."

அந்தக் கொஞ்சம் நீண்டது. மேளம் நின்று, ஒலிபெருக்கியில் சித்தப்பாவின் குரல் கேட்டது. "பொம்பிளையின்ர தம்பி எங்க நிண்டாலும் உடன வாசலுக்கு வரவும். மாப்பிள்ளை காலோட காத்துக்கொண்டு நிக்கிறார்."

ஊர் முழுக்கக் கேட்டது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். யாரோ நீட்டிய செம்பைப் பறித்தேன். முற்றத்தில் நானே இழுத்த வயரில் நானே தடக்கினேன். நான் ஒரு பக்கம், செம்பு ஒரு பக்கம். ஜெனரேட்டரில் சொருகியிருந்த மற்ற வயர்களையும் என் வயர் இழுத்துக்கொண்டு வந்தது. சித்தப்பாவின் குரல் பாதியில் அறுந்தது. பந்தல் ஃபான்கள் மெல்ல மெல்லச் சுற்றி நின்றன. என் கம்பைலரும் போய்விட்டது.

நிமிர்ந்து பார்த்தால் மூக்குக்கு முன்னால் மாப்பிள்ளையின் கால். இடுப்பிலிருந்து கீழே அவருடைய பட்டு வேட்டி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"தம்பி," என்றார் அமைதியாக, "கால் மட்டும் கழுவினாக் காணும்."

பந்தலே சிரித்தது. "ஈரத்தோடயே வாங்கோ, நேரம் போகுது!" என்று ஐயர் கத்தினார். அத்தான் மோதிரத்தையும் போட்டுவிட்டுத்தான் போனார்.

அடுத்த நாள் நகரத்துக்குப் போய், கல்யாணத்தில் கரண்ட் நின்றுவிட்டது, ஒரு கிழமை அவகாசம் தாருங்கள் என்று மின்னஞ்சல் எழுதினேன். கருவியைப் பராமரிப்பவர் அக்காவை மனதார வாழ்த்திவிட்டு, மாதிரியைத் தூக்கிவிட்டார். வீட்டுக்கு வந்து அழுதேன். விருந்துக்கு வந்திருந்த அக்கா, தன்னைப் பிரிந்த துக்கம் என்று நினைத்து என்னைக் கட்டிப்பிடித்துத் தானும் அழுதாள். நான் திருத்தப் போகவில்லை.

அத்தானுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. இன்றைக்கும் என் வீட்டுக்கு வந்தால் நேரே உள்ளே வரமாட்டார். வாசற்படியில் நின்று, ஒரு காலை முன்னால் நீட்டிக்கொண்டு என் மனைவியைக் கூப்பிடுவார்.

"பிள்ளை, அவனுக்கு முடிஞ்சுதோ? இல்லாட்டி நான் இன்னும் கொஞ்சம் நிக்கவோ?"